சடங்குக்கு முன்பே தொடங்கிவிடும் வளர்ச்சி: பருவ வயதில் உடல் கேட்கும் சாப்பாடு

வீட்டில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்றால் அன்றைக்கே அடுப்படியின் போக்கு மாறிவிடும். உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். நாட்டுக்கோழி முட்டை வரும், கருப்பட்டி வரும். அத்தை வீட்டிலிருந்து ஒரு தூக்கு, சித்தி வீட்டிலிருந்து ஒரு தூக்கு என்று பலகாரம் வந்துகொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போகும். தண்ணீர் ஊற்றி, சடங்கு முடிந்த பிறகு பழையபடி காலையில் அவசரமாக இரண்டு இட்லி, மதியம் டப்பாவில் தக்காளி சாதம், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும்.

உளுந்தங்களியைக் குறை சொல்ல எதுவுமில்லை. 100 கிராம் உளுந்தில் 23 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. நம் பாட்டிமார் தேர்ந்தெடுத்த பொருள் சரியானதுதான், நாள்தான் தவறு. முதல் மாதவிடாய் வருவதற்குள் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையிலேயே மிக வேகமாக உயரம் கூடும் காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உடல் கேட்டதை நாம் கவனித்திருக்க மாட்டோம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மாதாமாதம் அது இழக்கப்போவதையும் கணக்கில் வைப்பதில்லை.

ஆண் பிள்ளைகளுக்கோ சடங்கும் இல்லை, களியும் இல்லை. குரல் உடைந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி வருகிற செய்திகளும் பெற்றோரைக் குழப்புகின்றன. நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று ஒரு செய்தி வருகிறது. பள்ளியில் கொடுத்த சத்து மாத்திரையால் மாணவிகளுக்கு மயக்கம் என்று இன்னொன்று. பிராய்லர் கோழி தின்றால் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் மூன்றாவது. ஒவ்வொன்றையும் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்குவது நல்லது.

## சில சொற்கள்

வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை. இது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

பருவமடைதல் என்பது ஒரு நாளில் நடப்பதல்ல. நான்கைந்து ஆண்டுகள் நீளும் ஒரு மாற்றம் அது. 'வயதுக்கு வருதல்' என்று நாம் சொல்வது முதல் மாதவிடாயை. அது அந்த நீண்ட மாற்றத்தின் நடுவே, சரியாகச் சொன்னால் பின்பாதியில், வரும் ஒரு கட்டம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் சாப்பாட்டுக் கணக்கு தவறிப்போகிறது.

ரத்தசோகை என்றால் ரத்தத்தின் அளவு குறைவது அல்ல. சிவப்பணுக்களுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவது. 12 முதல் 14 வயது வரை இருபாலருக்கும் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி, ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு அதே 12, ஆண்களுக்கு 13.

## உடலுக்குள் எது முன்னே, எது பின்னே?

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. குழந்தைப் பருவம் முழுக்க அடங்கிக் கிடந்த அது, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டு ஹார்மோன் துடிப்புகளை அனுப்பத் தொடங்குகிறது. அதைப் பெற்றுக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி தன் ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை பெண்ணுக்குச் சூலகத்தையும் ஆணுக்கு விந்தகத்தையும் எழுப்பிவிடுகின்றன. அங்கிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும்தான் வெளியே தெரிகிற மாற்றங்களைச் செய்கின்றன.

மூளை எப்போது இதைத் தொடங்குகிறது என்பதில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. உடலில் இருக்கும் கொழுப்பின் அளவுக்கும் பங்கு உண்டு. கொழுப்பு செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதுதான். 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த லெப்டின், மெலிந்த பெண்கள் ஏன் பல சமயம் தாமதமாகப் பூப்படைகிறார்கள் என்ற பழைய கேள்விக்கு ஒரு பகுதி விடை தந்தது.

பெண் பிள்ளைகளில் மாற்றங்களின் வரிசை பொதுவாக இப்படி இருக்கும்:

1. 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையே மார்பு அரும்பத் தொடங்கும். இதுதான் முதல் அறிகுறி.

2. அதையொட்டியே உயரம் வேகமெடுக்கும். வேகம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்வார்கள். சராசரியாக இது பதினொன்றரை, பன்னிரண்டு வயதில் நடக்கும்.

3. உச்சம் தாண்டி, வேகம் குறையத் தொடங்கிய பிறகுதான் முதல் மாதவிடாய். மார்பு அரும்பியதிலிருந்து கணக்கிட்டால் சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து.

4. அதற்குப் பிறகு பெரும்பாலோர் இன்னும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளரும் முனைகளை மூடிவிடுகிறது. மூடிய பிறகு எந்தச் சத்து பானமும் உயரத்தைக் கூட்டாது.

ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பொதுவாக 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். விந்தகம் பெரிதாவது முதல் அறிகுறி. வெளியே தெரியாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அவர்களுடைய வளர்ச்சி வேகம் தாமதமாக, 13, 14 வயதில் உச்சம் தொடும். ஆனால் வேகம் அதிகம்: ஆண்டுக்கு 9 முதல் 10 சென்டிமீட்டர். ஏழாம் வகுப்பில் பெண்களெல்லாம் உயரமாகவும் பையன்கள் குள்ளமாகவும் தெரிந்து, பத்தாம் வகுப்பில் அது தலைகீழாவது இதனால்தான்.

இந்தச் சில ஆண்டுகளில் ஒருவர் தன் வளர்ந்த உயரத்தில் 15 முதல் 20 சதவீதத்தையும், எடையில் ஏறத்தாழ பாதியையும் சேர்க்கிறார். பாதி உடலைப் புதிதாகக் கட்டுவது போன்ற வேலை அது.

## எவ்வளவு வேண்டும்?

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை அளவுகள் இருக்கின்றன. அவற்றில் நம் வீட்டுக்கு உதவுகிற சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

கலோரிக் கணக்கில், 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 2,400, பையனுக்கு 2,860. அதே பையன் 16 வயதைத் தொட்டதும் 3,320. 'எவ்வளவு போட்டாலும் தின்கிறான்' என்று அம்மாக்கள் சொல்வது குறையல்ல, அவன் உடல் உண்மையிலேயே அவ்வளவு கேட்கிறது.

புரதம் 13 முதல் 15 வயதுக்கு இருபாலருக்கும் 43 முதல் 45 கிராம். இது எட்ட முடியாத அளவு இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், சாம்பார் பருப்பில் கொஞ்சம், சோற்றிலும் கொஞ்சம். சோற்றையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடுவதால் ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடும். மூன்று வேளையும் சோறும் தண்ணீர்க் குழம்புமாக இருந்தால்தான் சிக்கல்.

உண்மையில் எட்டுவதற்குக் கஷ்டமானது இரும்புச்சத்துதான். 10 முதல் 12 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 28 மில்லிகிராம், 13 முதல் 15-க்கு 30, 16 முதல் 18-க்கு 32. வளர்ந்த பெண்ணின் தேவையே 29 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 13 வயதிலிருந்தே வீட்டில் அம்மாவைவிட மகளுக்கு இரும்பு அதிகம் தேவை.

## இரும்புக் கணக்கு

தட்டில் இருக்கும் இரும்பு வேறு, ரத்தத்தில் சேரும் இரும்பு வேறு. தானியமும் பருப்பும் கீரையுமாக இருக்கும் நம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடல் சுமார் 8 சதவீதம்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டுதான் மேலே சொன்ன அளவுகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது 32 மில்லிகிராம் சாப்பிட்டால் உள்ளே சேர்வது இரண்டரை மில்லிகிராம்.

அந்த இரண்டரைக்கு மூன்று பேர் கை நீட்டுகிறார்கள்.

1. அன்றாடத் தேய்மானம். தோலிலும் குடலிலும் உதிரும் செல்களோடு கொஞ்சம் இரும்பு எல்லோருக்கும் போகும்.

2. வளர்ச்சி. உடல் பெரிதாகும்போது ரத்தத்தின் அளவும் கூட வேண்டும், தசையும் கூட வேண்டும். இரண்டுக்கும் இரும்பு தேவை.

3. மாதவிடாய். ஒரு சுழற்சியில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. அப்படியானால் மாதம் 15 முதல் 20 மில்லிகிராம் இழப்பு. நாளுக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் 8 சதவீத உறிஞ்சலில் அதை ஈடுகட்ட, தினமும் 7, 8 மில்லிகிராம் இரும்பைக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

இப்போது தட்டைப் பாருங்கள். தீட்டிய வெள்ளை அரிசி நாளுக்கு 300 கிராம் சமைத்துச் சாப்பிட்டாலும் கிடைக்கும் இரும்பு சுமார் 2 மில்லிகிராம்தான். மீதி 28, 30 மில்லிகிராம் குழம்பிலிருந்தும் பொரியலிலிருந்தும் வர வேண்டும். பொரியல் என்பது இரண்டு கரண்டி உருளைக்கிழங்காக இருக்கும் வீடுகளில் அது நடக்காது.

பீட்ரூட்டும் மாதுளையும் ரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிவப்பு நிறம்தான் அதற்குக் காரணம். இரண்டிலுமே 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளைக்குக் கொடுக்கும் காசுக்கு கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, பொட்டுக்கடலை வாங்கினால் பல மடங்கு இரும்பு கிடைக்கும்.

சாப்பிடும் இரும்பு உள்ளே சேர்வதற்குச் சில வழிகள் உண்டு. செலவு அதிகம் இல்லாதவை:

1. வைட்டமின் சி கூட இருந்தால் உறிஞ்சல் நன்றாகக் கூடும். கீரைச் சோற்றுக்குப் பின் ஒரு கொய்யா, பயறு சுண்டலில் எலுமிச்சை, பருப்போடு நெல்லிக்காய்ப் பச்சடி. கடைசியாகச் சாறு பிழிவது நல்லது, கொதிக்கவைத்தால் இந்த வைட்டமின் அழியும்.

2. டீயைச் சாப்பாட்டோடு குடித்தால் அந்த வேளையின் இரும்பு உறிஞ்சல் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். காபியும் குறைக்கும், டீ அளவுக்கு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பிரச்சினை இல்லை. காலையில் டீயில் பன் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

3. தானியத்திலும் பயறிலும் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கின்றன. முளைகட்டிய பயறு, புளித்த மாவில் செய்த கம்பு தோசை இரண்டுமே இந்த வகையில் நல்லவை.

4. ஈரல், ஆட்டிறைச்சி, மீன், கோழி இவற்றில் இருக்கும் இரும்பு வேறு வகை. அது 15 சதவீதத்துக்கு மேலேயே உறிஞ்சப்படும். கூடச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வாரம் ஒருநாள் கறி எடுக்கும் வீட்டில் ஈரல் துண்டு யாருடைய தட்டுக்குப் போகிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இரும்பு குறைந்தால் முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும் என்று மட்டும் நினைக்கிறோம். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே உடலின் சேமிப்பு காலியாகத் தொடங்கும். அந்தக் கட்டத்திலேயே சோர்வும் கவனம் சிதறுவதும் வரலாம். 'படிக்கச் சொன்னால் தூங்கிவிழுகிறாள்' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த நிலையில் இருக்கிறார்களோ, ரத்தப் பரிசோதனை செய்யாமல் சொல்ல முடியாது.

## இரண்டு கணக்கெடுப்பு, இரண்டு எண்

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஆண்களில் 31.1 சதவீதம். அதற்கு முன் 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 18 சதவீதம் என்று வந்தது. இடைவெளி பெரியது. எது சரி?

முதல் காரணம் வயது. இரண்டாவது ஆய்வில் இன்னும் மாதவிடாய் தொடங்காத 10, 11 வயதுச் சிறுமிகளும் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் ரத்தம் எடுத்த முறை. குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, கையடக்கக் கருவியில் பார்த்தார்கள். ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசு நீரும் கலந்து எண் மாறிப்போகும். நரம்பு ரத்தம்தான் நம்பகமானது.

அந்த இரண்டாவது ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வளரிளம் பருவத்தினரில் 22 சதவீதம் பேருக்கு இரும்புக் குறைபாடு, 31 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 குறைபாடு, 37 சதவீதம் பேருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வகை வைட்டமின் குறைபாடு. ரத்தம் ஊற மூன்றுமே வேண்டும். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. பி12 தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. சைவ வீட்டுப் பிள்ளை பாலும் தயிரும் வேண்டாம் என்று ஒதுக்கினால், இரும்பு மாத்திரை மட்டும் போட்டு ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

ஆக, சரியான எண் 40-ஆ 59-ஆ என்ற விவாதம் நிபுணர்களுக்கு முக்கியம். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் பத்துப் பெண்களில் நான்கு பேர். அது வீட்டில் கவலைப்படப் போதுமான எண்தான்.

## பள்ளியில் தரும் நீல மாத்திரை

வாரம் ஒரு மாத்திரைத் திட்டம் 2012-இல் அறிவிக்கப்பட்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. முதலில் மாத்திரையில் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது. 2018-இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் அது 60 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. கூடவே 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 10 முதல் 19 வயதினருக்கு நீல நிறம், 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரையும் தருகிறார்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சுவது, செருப்பில்லாமல் மண்ணில் நடக்கும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வர ஒரு முக்கியக் காரணம்.

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

1. தினமும் தராமல் ஏன் வாரம் ஒரு முறை? கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலில் இரும்பு நுழையும் கதவைக் காக்கிறது. ஒரு நாள் நிறைய இரும்பு வந்துவிட்டால் ஹெப்சிடின் கூடி, அடுத்த ஒரு நாளுக்காவது கதவு பாதி மூடிக்கொள்ளும். மறுநாளே போட்டால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி வயிற்றைப் புரட்டும். தடுப்பு நோக்கத்துக்கு வாரம் ஒன்று போதும். ஏற்கெனவே ரத்தசோகை உறுதியானவருக்கு டாக்டர் எழுதும் அளவு வேறு.

2. மாத்திரை போட்டதும் குமட்டுகிறதே? வெறும் வயிற்றில் போட்டால் அப்படித்தான். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மதிய உணவுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவது உறிஞ்சப்படாத இரும்பால்தான், பயப்பட வேண்டியதில்லை. டீ, பால் கூடச் சேர்த்துப் போடக்கூடாது.

3. ஆபத்தானதா? சொன்ன அளவில் இல்லை. அளவு மீறினால் ஆபத்து, உயிரே போகும். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளி மாணவிகள் போட்டி போட்டுக்கொண்டு நிறைய மாத்திரைகளை விழுங்கியதில் ஒரு சிறுமி இறந்துபோனார். அந்தச் செய்திக்குப் பிறகு பல வீடுகளில் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பயம் இயல்பானதுதான். ஆனால் அந்தத் துயரத்திலிருந்து கற்க வேண்டியது வேறு: மாத்திரை அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. ஆசிரியர் முன்னிலையில் ஒன்று விழுங்க வேண்டும், மீதி பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகளுக்காக வாங்கி வைத்திருக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். சின்னக் குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து எடுத்துவிடுவார்கள்.

யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும், சில மணி நேரம் கழித்து எல்லாம் சரியானது போலத் தோன்றும். அந்த அமைதியை நம்பி வீட்டுக்கு அழைத்துப் போகக்கூடாது. உள்ளே கல்லீரல் பாதிக்கப்படுவது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

## பிராய்லர் கோழி மீது போடும் பழி

பெண் பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் வயதுக்கு வருவது உண்மை. அதற்குக் காரணம் பிராய்லர் கோழிக்குப் போடும் ஹார்மோன் ஊசி என்பது உண்மையல்ல.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் 16, 17 வயதில் பூப்படைந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது 13 வயதுக்கு வந்துவிட்டது. பிராய்லர் பண்ணைகள் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். நல்ல சாப்பாடும், தொற்றுநோய்கள் குறைந்ததும்தான் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

அதன் பிறகும் ஒரு நகர்வு இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியில் 1991-இலும் 2006-இலும் சிறுமிகளைப் பரிசோதித்தார்கள். மார்பு அரும்பும் சராசரி வயது பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டு குறைந்து 10-க்குக் கீழே வந்திருந்தது. ஆனால் முதல் மாதவிடாயின் வயது மூன்று, நான்கு மாதம்தான் முன்னே வந்திருந்தது. இத்தனைக்கும் இறைச்சி விலங்குகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் தருவதை ஐரோப்பா பல பத்தாண்டுகளாகத் தடைசெய்திருக்கிறது. உடல் பருமன், உடலில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடிக்கும் பிளாஸ்டிக் வேதிப்பொருள்கள் எனப் பல காரணங்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கோழிக்கு வருவோம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். அதைத் தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிறு செரித்துவிடும். ஊசியாகத்தான் போட முடியும். ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது பல பத்தாண்டு இனத்தேர்வாலும் தீவனத்தாலும்.

பண்ணைக் கோழியில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். டெல்லியில் இருக்கும் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், டெல்லி வட்டாரத்தில் எடுத்த 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. 2019-இல் கோலிஸ்டின் என்ற முக்கியமான மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை இந்திய அரசு தடைசெய்தது. இது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் பிரச்சினை. பூப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த வதந்தியால் வரும் தீங்கு நேரடியானது. ஒன்பது பத்து வயதில், வளர்ச்சி வேகமெடுக்கும் அதே நேரத்தில், 'உனக்குக் கோழி வேண்டாம், முட்டை வேண்டாம், எள்ளு சூடு' என்று பெண் பிள்ளையின் தட்டிலிருந்து மட்டும் எடுத்துவிடுகிறார்கள். தம்பிக்குத் தடை இல்லை. புரதமும் பி12-உம் நன்றாக உறிஞ்சப்படும் இரும்பும் அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கே அவை மறுக்கப்படுகின்றன.

## எலும்பு வங்கி

எலும்பின் அடர்த்தி 20 வயதையொட்டி ஏறத்தாழ 90 சதவீதம் சேர்ந்துவிடுகிறது. வளர்ச்சி உச்சத்தைச் சுற்றியுள்ள இரண்டே ஆண்டுகளில் சேர்வது மட்டும் வளர்ந்தவரின் மொத்த எலும்பில் கால் பங்கு. அறுபது வயதில் இடுப்பெலும்பு முறிவது இந்தச் சேமிப்பு குறைவாக இருந்தவர்களுக்குச் சீக்கிரம் நடக்கிறது.

13 முதல் 15 வயதுக்குக் கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். இரண்டு டம்ளர் பாலோ தயிரோ 450-க்கு மேல் தரும். 100 கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல் இருக்கிறது. ஒரு வேளை கேழ்வரகுக் களியோ அடையோ, முருங்கைக்கீரை, கொஞ்சம் எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று சேர்த்தால் கணக்கு நிறைவேறிவிடும். பாலை இரும்பு மிகுந்த சாப்பாட்டோடு சேர்க்காமல் படுக்கும் முன் கொடுக்கலாம், கால்சியம் இரும்பு உறிஞ்சலைக் கொஞ்சம் தடுக்கும். கூடவே வெயிலில் விளையாட வேண்டும். வைட்டமின் டி-க்கு வெயில், எலும்புக்கு ஓட்டமும் குதிப்பும். வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளையின் விளையாட்டை நிறுத்திவிடுவது எலும்புக்கும் இழப்பு.

## பையன்கள்

டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது தசையும் ஹீமோகுளோபினும் கூடுகின்றன. அதனால் 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 26 மில்லிகிராம் இரும்பு தேவை. வளர்ந்த ஆணின் தேவை 19 மட்டுமே. மாதவிடாய் இல்லாததால் வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள். ஆனால் அந்த நான்கைந்து ஆண்டுகள் சோர்ந்தே கழியும். ஜிம்முக்குப் போய்ப் புரதப் பொடி வாங்கும் பையன்களுக்கு ஒன்று சொல்லலாம்: 55 கிராம் புரதம்தான் அவர்கள் வயதுக்கான பரிந்துரை. முட்டை, பயறு, வேர்க்கடலை, மீன், பாலிலேயே அது வந்துவிடும்.

## எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

1. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பே மார்பு அரும்பினால், பையனுக்கு 9 வயதுக்கு முன்பே மாற்றங்கள் தெரிந்தால்.

2. பெண்ணுக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி இல்லை, 15 வயதாகியும் மாதவிடாய் இல்லை என்றால். பையனுக்கு 14 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லை என்றால்.

3. ரத்தப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தேதி முன்பின் ஆவது சகஜம், 21 முதல் 45 நாள் வரை இருக்கலாம். தேதி தள்ளிப்போவதைவிடப் போக்கு அதிகமாவதைத்தான் வீட்டில் கவனிக்க வேண்டும். 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று அம்மா சொல்லிவிட்டால் பிள்ளை அதோடு வாய் திறக்காது.

4. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சாக்பீஸ், விபூதி, பச்சரிசி தின்னும் ஆசை. இந்த விநோத ஆசை இரும்புக் குறைவின் பழைய அடையாளம்.

## பள்ளிச் சாப்பாடு எங்கே நின்றுவிடுகிறது?

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவு. மத்திய அரசின் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கும்போது தமிழ்நாடு பத்தாம் வகுப்பு வரை தருகிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் வயதோடு வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. காலை உணவு 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு 10 வயது. வளர்ச்சி வேகமெடுக்கப்போகும் அந்த ஆண்டில் காலைச் சாப்பாடு நின்றுவிடுகிறது. வேலைக்கு ஓடும் பெற்றோர் இருக்கும் வீடுகளில் ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடோ டீயோடோதான் பள்ளிக்கு வரும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மதியச் சாப்பாடும் முட்டையும் நின்றுவிடுகின்றன. பிளஸ் ஒன் சேரும் பெண்ணுக்கு 15, 16 வயது. அவளுடைய அன்றாட இரும்புத் தேவை வாழ்க்கையில் முதல்முறையாக 32 மில்லிகிராமைத் தொடுவது அந்த ஆண்டில்தான்.